அணைக்காத ரவுட்டர்

அந்த இன்டர்நெட் கம்பெனியின் புகார்ப் பிரிவில் இரண்டே நாற்காலிகள். ஒன்றில் அவள். மற்றதில், நிரந்தரமாகத் தொண்டை கட்டியிருந்ததால் 'கரகர' என்று பெயர் வாங்கிய ஆசாமி. பின்னால் கண்ணாடி அறையில் மேற்பார்வையாளர் உட்கார்ந்து இருவர் பேசுவதையும் ஒட்டுக் கேட்பார். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். வாடிக்கையாளரை 'சார்', 'மேடம்' என்றுதான் கூப்பிட வேண்டும், சொந்தக் கதை கூடவே கூடாது என்பது அவருடைய வேதவாக்கு.

கொஞ்ச நாளாகக் காலையில் ஒருவர் தவறாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கரகர எடுத்தால் 'ராங் நம்பர்' என்று வைத்துவிடுவார். அவள் எடுத்தால் மட்டும் நெட் வரவில்லை என்பார்.

முதல் நாளே அவளுக்குக் குரல் தெரிந்துவிட்டது. பெற்ற அப்பாவின் குரல் தெரியாமல் போக அவள் என்ன செவிடா? பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள் என்பதற்காக, "இனி இந்த வாசப்படி மிதிக்காதே" என்று கத்திய குரல். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து அம்மா மட்டும் திருட்டுத்தனமாகப் பேசுவாள்; அவள் எங்கே வேலை பார்க்கிறாள் என்பதும் அம்மாவுக்குத் தெரியும். இப்போது இவர் பேசுகிறார், ஆனால் யாரோ ஒரு கம்பெனிக்காரியிடம் பேசுவதுபோல. இத்தனை வருஷம் வளர்த்தவருக்கு மகளின் குரல் மறந்துபோகுமா என்ற எண்ணம் அவளை அறுத்தது. முதல் நாள் கழிவறைக்குப் போய் அழுதாள். மறுநாள் அழ நேரமில்லை, கூப்பிடுவாரா என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்றும் மணி அடித்தது.

"வணக்கம் சார், சொல்லுங்க."

"நெட் வரல."

"ரவுட்டர்ல என்ன லைட் எரியுது சார்?"

"பச்சை."

"சிவப்பு எதுவும் எரியலையா?"

"நேத்து சிவப்புன்னா சொன்னேன்?"

"நேத்து மஞ்சள்னு சொன்னீங்க சார்."

"அப்போ இன்னிக்குச் சிவப்புன்னு வச்சுக்கோ."

அவள் திரையைப் பார்த்தாள். வழக்கமான செல்போன் எண் இல்லை. சின்ன வயதில் மனப்பாடம் செய்த வீட்டு எண்.

"செல்போன் என்ன சார் ஆச்சு?"

"சார்ஜ் இல்ல. ஏன், இதுல பேசினா நெட் வராதா?"

"வரும் சார். ரவுட்டர் சுவிட்சை ஒரு தடவை அணைச்சுப் போடுங்க."

இதில் ஒரு விஷயம் உண்டு. எண் பழையதே ஆனாலும் அந்த வீட்டு போன் இப்போது நெட்டோடு சேர்த்து இந்தக் கம்பெனி கொடுத்தது; அதன் ஒயர் ரவுட்டரின் முதுகில்தான் செருகியிருக்கும். ரவுட்டரை அணைத்தால் போனும் கூடவே செத்துப்போகும். வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்த பாடம் அது. அப்பாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"அணைச்சுட்டேன்," என்றார்.

போன் சாகவில்லை. அவர் மூச்சு விடுவது கேட்டது. பின்னால் குழாயடியில் அம்மா பாத்திரம் உருட்டும் சத்தமும் கேட்டது.

"நல்லா அணைச்சீங்களா சார்?"

"அதான் சொல்றேனே. ஒரு லைட்டும் இல்ல. கும்மிருட்டு."

பொய் சொல்லத் தெரியாத மனிதர் பொய் சொன்னால் இப்படித்தான் ஒரு பிடி அதிகமாக விழும். அந்த வீட்டில் நெட் ஒரு நாளும் போகவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. அழுதால் மேற்பார்வையாளருக்குக் கேட்டுவிடும். தண்ணீர் பாட்டிலை எடுத்து இரண்டு வாய் குடித்தாள்.

"சார், இது போன்ல சரியாகாது. நேர்ல வந்துதான் பார்க்கணும்."

பின்னால் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றுவிட்டது.

"யார் வருவாங்க?"

"ரெண்டு பேர் வருவாங்க சார்."

"ரெண்டாவது ஆளுக்கு வேலை தெரியுமா?"

"ரவுட்டரைப் பத்தி ஒண்ணும் தெரியாது சார். ஆனா நல்ல மனுஷன்."

"அதை நான் பார்த்து முடிவு பண்ணிக்கறேன்." மறுமுனையில் காலண்டர் தாள் புரளும் சத்தம் கேட்டது. "ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு. சாப்பிட்டுட்டு வந்து நிக்கப் போறாங்க. இங்க வந்து சாப்பிடணும்னு சொல்லிடு."

"சொல்றேன், அப்பா," என்றாள்.

கண்ணாடிக்குப் பின்னால் மேற்பார்வையாளரின் தலை நிமிர்ந்தது. நிமிரட்டும்.