ஆறாம் தடத்தில் காற்று

அக்காவும் தங்கையும் ஒரே படகில் துடுப்புப் போட்டு ஒலிம்பிக் இறுதிச் சுற்றுவரை போனவர்கள். நான்காம் இடம். வீடு திரும்பியதும், "மூணுக்கு அடுத்தது நாலுதானே, ரொம்ப தூரமில்ல" என்றார் அப்பா.

பிறகு தங்கை பயிற்சியாளரானாள். அக்கா துடுப்புப் படகுச் சங்கத்தின் செயற்குழுவில் சேர்ந்தாள். முதல் கூட்டத்தில் அவள் கேட்டது, பெண்கள் உடை மாற்றும் அறைக்கு ஒரு தாழ்ப்பாள்.

"இதுக்கெல்லாமா தீர்மானம் போடுவாங்க?" என்று பொருளாளர் சிரித்தார்.

"அது இல்லாமத்தான் சார் பாதிப் பொண்ணுங்க வரதையே நிறுத்திட்டாங்க."

தாழ்ப்பாள் வந்தது. பெண்களும் வந்தார்கள். ஏட்டிக்குப் போட்டி பேசியவர்களே சில ஆண்டுகளில் அவளைத் தலைவியாக்கினார்கள்.

அடுத்த ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்கு எந்தப் படகை அனுப்புவது என்று முடிவாகும் பந்தயம் வந்தது. தங்கை பயிற்சி கொடுத்த பெண்களுக்குக் குலுக்கலில் கரையோரத்து முதல் தடம் கிடைத்திருந்தது. மதியம் காற்று கிளம்பியது. கரை மறைவில் முதல் தடம் அமைதியாகக் கிடக்க, ஆறாம் தடத்தில் அலை படகுக்குள்ளேயே ஏறியது. பந்தயத்தைத் தள்ளிவைக்கும் அதிகாரம் தலைவிக்குத்தான்.

தங்கை ஓடிவந்தாள். "தள்ளி வைக்காதக்கா. என் பிள்ளைங்க தயாரா நிக்கறாங்க. நாம பாக்காத காத்தா?"

"நாம பாத்த காத்து எல்லாருக்கும் ஒரே மாதிரி அடிச்சுது."

"அந்தத் தடத்த நான் கேட்டா வாங்கினேன்?"

"இல்லடி. அதுக்காக அந்தக் கோடித் தடத்துப் பொண்ணுங்க தண்ணிய மொண்டு ஊத்திக்கிட்டே வரணுமா?"

பந்தயம் மறுநாள் காலைக்குப் போனது. அன்று ஏரியில் காற்றே இல்லை. நான்காம் தடம் வென்றது. தங்கையின் படகு இரண்டாவது. ஆறாம் தடத்துப் பெண்கள் கடைசியாக வந்தார்கள், ஆனால் நனையாமல் வந்தார்கள்.

அதன்பின் தங்கை போனை எடுக்கவில்லை. அம்மா வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்தும், "உப்பத் தள்ளச் சொல்லும்மா" என்று அம்மா வழியாகவே பேசினாள்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே படகுல எப்படித்தான் உக்காந்தீங்களோ" என்றாள் அம்மா.

அக்கா உப்பைத் தங்கை பக்கம் தள்ளினாள். செய்தது சரி என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் பாதிச் சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தாள்.

ஆறு மாதம் கழித்துத் தங்கை சங்க அலுவலகத்துக்கு வந்தாள். யாரும் உட்காரச் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கோபம் போயிடுச்சா?" என்றாள் அக்கா.

"பாதி. நாளைக்குக் காலையில ஏரிக்கு வா. பிள்ளைங்க இப்ப எப்படிப் போடறாங்கன்னு பாரு. தலைவியா வராத, பின்னாடியே நாலு பேர் வருவாங்க."

மறுநாள் பயிற்சியாளரின் மோட்டார் படகில் இருவரும் பெண்களின் பின்னாலேயே போனார்கள்.

"முன்னாடி இருக்கறவ தோள தூக்கறா," என்றாள் அக்கா.

"தெரியும்."

"உன்ன மாதிரியே."

தங்கை சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒலிபெருக்கியை எடுத்தாள். "தோள இறக்கும்மா. தலைவியம்மா பாக்கறாங்க."