பட்டை, இரண்டு வேளை

மார்ச் 12, புதன். காலை 6.40. என் பிழை: திங்கட்கிழமை லாயத்துப் பலகையில் "பட்டை, இரண்டு வேளை" என்று மட்டும் எழுதினேன். எத்தனை அங்குலம் என்று எழுதவில்லை. மேலே எதையும் கட்டக் கூடாது என்றும் எழுதவில்லை. நோட்டில் இரண்டும் இருக்கின்றன. நோட்டை என்னைத் தவிர யாரும் படிப்பதில்லை.

லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் அவள், தீவனப் பெட்டியின்மேல் உட்கார்ந்து இவ்வளவையும் எழுதி முடித்தாள். பிழையை ஒப்புக்கொண்டால் மனம் லேசாகும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை. எதிரே குதிரை முன்னங்காலைத் தூக்கியபடியே நின்றது.

செம்பழுப்புக் குதிரை. ஒரு முன்னங்கால் மட்டும் முட்டிக்குக் கீழே வெள்ளை. அதனால் அந்தக் குதிரையேற்றப் பள்ளியில் எல்லோருக்கும் அது சாக்ஸ்காரி. வெள்ளை முடிக்கு அடியில் இளஞ்சிவப்புத் தோல். ஈ கடித்தால் தடிக்கும், சோப்பை மாற்றினால் சிவக்கும். திங்கட்கிழமை அந்தக் கால் வீங்கியிருந்தது. கால்நடை டாக்டர் வந்து, வீக்கம் வற்றும் களிம்பு ஒன்றைக் கொடுத்தார். ஓரமாகத் துளி தடவி, தோல் தாங்குகிறதா என்று காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னார்: "ஒரு பட்டை போதும்மா. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு." ட்யூபிலிருந்து ஐந்து அங்குல நீளத்துக்குப் பிதுக்கும் களிம்புதான் டாக்டருக்குப் பட்டை. கையுறை போட்டுத் தேய்த்துவிட்டு, காலைத் திறந்தே விட வேண்டும்.

அன்று மாலை அவளுக்கு வகுப்பு. கால்நடை உதவியாளர் படிப்பு. செவ்வாய் வார விடுமுறை. ஆகவே மருந்து போடும் வேலை பயிற்சியாளர் கைக்குப் போனது. கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்குவதால் அவர் பெயரே விசில். பலகையைப் படித்தார். அவருக்குத் தெரிந்த பட்டை, காலில் சுற்றும் துணிப்பட்டை. திங்கள் மாலையிலிருந்து மூன்று வேளை, மருந்து போட்டுப் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறார். இன்று காலை அவள் அவிழ்த்தபோது துணியோடு முடியும் கழன்று வந்தது. அடியில் வரிசையாகக் கொப்புளம். துணியிலிருந்து குப்பென்று கற்பூர நெடி. களிம்புக்கோ வாசனையே கிடையாது.

"என்ன நோட்டுக்காரி, காலங்காத்தால பரீட்சையா?" விசில் உள்ளே வந்தார்.

"காலைப் பாருங்க சார்."

"நீ எழுதினதைத்தானே செஞ்சேன்? பட்டைன்னு போட்டிருந்தே. பட்டை போட்டேன்."

"பட்டையக் கிளப்பிட்டீங்க சார். தோலோட சேத்து."

அவர் சிரிக்கவில்லை. நேராகப் பலகைக்குப் போய், அந்த ஒரு வரியை மட்டும் சட்டைக் கையால் அழித்தார். பிறகு அலுவலக அறைக்கு நடந்தார். அவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. எழுத்தை அழித்தால் கொப்புளமும் அழிந்துவிடுமா?

டாக்டர் நிஜமாகவே கட்டக் கூடாது என்றாரா, தன் காதில்தான் தவறா என்று அந்த நேரத்திலும் அவளுக்கு ஒரு சந்தேகம். போன் போட்டுக் கேட்டுவிட்டாள். "கட்டினாங்களா? அய்யோ! அந்தத் தோலுக்கா?" என்றார் டாக்டர். "வெதுவெதுப்பான தண்ணியில கழுவு, ஒத்தி எடு, தேய்க்காதே. நான் வர்ற வரைக்கும் எந்த மருந்தும் வேண்டாம்."

கழுவி முடித்து அலுவலக வாசலுக்குப் போனபோது உள்ளே விசிலின் குரல்: "மருந்தே ஒத்துக்கல மேடம். தோல் வியாதிக் குதிரை. பிள்ளைங்க தொடுற இடம்."

"வெள்ளிக்கிழமை லாரி வருதுல்ல? அதுல இதையும் ஏத்திடுங்க," என்றார் முதலாளியம்மா, பார்த்துக்கொண்டிருந்த காகிதத்திலிருந்து தலை தூக்காமல்.

அந்த லாரியில் ஏறிய குதிரை எதுவும் திரும்பி வந்ததில்லை.

நோட்டைக் காட்டினால் தன் பிழையும் தெரிந்துவிடும். படிப்புக்கான பணிச் சான்றில் கையெழுத்துப் போட வேண்டியவர் இதே முதலாளியம்மா. வாசலில் நின்று அவள் பத்து வரை எண்ணினாள். இன்னொரு பத்து எண்ணினாள். பிறகு உள்ளே போய் நோட்டையும், பிளாஸ்டிக் பையில் வைத்திருந்த கட்டுத்துணியையும் மேசையில் வைத்தாள்.

"பலகையில பாதிதான் எழுதினேன் மேடம். அது என் தப்பு. ஆனா இதை மோந்து பாருங்க."

முதலாளியம்மா பையைத் திறந்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. "என்ன இது?"

"என் தைலம்தான்," என்றார் விசில். "மருந்துக்கு மேல கொஞ்சம் தடவினேன். முப்பது வருஷமா தடவுறேன், எந்தக் குதிரையும் வாயத் திறந்து குறை சொன்னதில்ல."

"சொல்லுமா சார்? பலகையில தைலம்னு ஒரு எழுத்து இருந்துச்சா? களிம்பு மேல தைலம், தைலம் மேல கட்டு. வியாதி குதிரைக்கு இல்ல சார். நாமதான் அதோட கால வேக வச்சிருக்கோம்!"

தன் குரல் இவ்வளவு உயரும் என்று அவளுக்கே தெரியாது.

முதலாளியம்மா நோட்டை இரண்டு முறை படித்தார். "சரி, லாரி வேண்டாம். பத்து நாள் பாப்போம்." அவள் பக்கம் திரும்பினார். "நீ முதல்ல ஒழுங்கா எழுதக் கத்துக்கோ. உன்னாலதான் இவ்வளவும்." அப்புறம் விசிலிடம், "டீ குடிச்சீங்களா?"

மாலை வீட்டில் அக்கா துணி மடித்துக்கொண்டே கதை முழுவதும் கேட்டாள்.

"உன் தப்ப நீயே கொண்டுபோய்க் காட்டினியா? லூசாடி நீ?"

"காட்டலைன்னா குதிரை போயிருக்கும்க்கா."

"அந்தாளுக்கு என்ன ஆச்சு?"

"டீ குடிச்சாரு."

அக்கா கையிலிருந்த தலையணை உறையைக் கட்டிலில் விட்டெறிந்தாள். தங்கை தன் நோட்டைத் திறந்தாள். கோபத்தில் பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டி, நிதானமாக எழுதினாள்.

மார்ச் 13, வியாழன். காலை ஆறு மணிக்குச் சாக்ஸ்காரியின் காலை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஒத்தி எடுக்க வேண்டும். கட்டக் கூடாது. வெயிலில் விடக் கூடாது. பத்து மணிக்கு டாக்டர் வருவார். தைல பாட்டிலை அவரிடம் காட்ட வேண்டும்.