குண்டனின் எடை

பந்தய சீசன் முழுக்க அந்தக் கார் நில்தாவின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. வளைவில் நுழைந்தால் போதும், பின்பக்கம் பிய்த்துக்கொண்டு வெளிச்சுவரைப் பார்க்கும். அதைத் திருப்பிக்கொண்டு வருவதற்குள் நாலு பேர் உள்பக்கமாகப் புகுந்து போய்விடுவார்கள். வலது பின் டயரைப் பெரிதாகப் போட்டுப் பார்த்தாள், சிறிதாகப் போட்டுப் பார்த்தாள். காற்றைக் குறைத்தாள். பல்சக்கரத்தை மாற்றினாள். தலைகீழாக நின்றும் வண்டி படியவில்லை.

அந்தக் காரின் ஒவ்வொரு குழாயையும் வெட்டி வெல்டிங் வைத்தவள் அவள்தான். ஓட்டுபவன் தம்பி ஒரேஸ்தே. ஊருக்கு அவன் குண்டன். ஒரேஸ்தே என்று கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். இத்தனை வருஷமாகக் களிமண் ஓடுதளத்தில் புழுதி தின்றும் ஒரு இறுதிப் பந்தயம்கூட ஜெயித்தது கிடையாது. இன்றைக்கு சீசனின் கடைசி ஞாயிறு. காலையில் மாத்தே தேநீர்க் குவளையை அவள் பக்கம் நீட்டியபோதே சொல்லிவிட்டான்.

"இன்னிக்கு ஜெயிக்கணும்க்கா. அடுத்த சீசன்லாம் எனக்குக் கிடையாது."

"ஏன், கோவிச்சுக்கிட்டுப் போறியா?"

"அப்படித்தான் வெச்சுக்கோயேன்."

அவன் கோபம் அவளுக்குத் தெரியாததா? இருந்தாலும் அவன் இறங்கிவிட்டால் அந்தக் காரில் வேறொருவனை உட்கார வைக்க அவளுக்கு மனசு வராது.

தகுதிச் சுற்றில் இரண்டு தடவை சுழன்று, தட்டுத்தடுமாறி, கடைசி ஆளாக இறுதிக்குள் நுழைந்தான். வந்ததும் தடித்த பந்தய உடையைக்கூடக் கழற்றாமல், பிக்கப் வண்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டான். கோடை வெயில் தகரத்தை உருக்கிக்கொண்டிருந்தது.

பக்கத்துக் கொட்டகை மெக்கானிக் பிரௌலியோ சொரிப்பான் இறைச்சி ரொட்டியைக் கடித்துக்கொண்டே வந்து நின்றான்.

"ஏன் நில்தா, உன் வண்டிய டான்ஸ் கிளப்புக்கில்ல கூட்டிட்டுப் போயிருக்கணும்? இங்க ஏன் ஆட விட்டுக்கிட்டிருக்க?"

"வாய்ல இருக்கறத முழுங்கிட்டுப் பேசு. ரெண்டும் சேந்து வெளிய வருது."

"வால்ல கொஞ்சம் ஈயம் கட்டு. காஞ்ச மண்ணுல அப்பத்தான் பிடிக்கும்."

"உன் வால்ல கட்டிக்கோ."

அவன் சிரித்துக்கொண்டே போனான். மண்ணை நனைக்கும் தண்ணீர் லாரி நின்றுவிட்டது. தெற்குக் காற்று ஓடுதளத்தைச் சட்டி மாதிரி காய வைத்துக்கொண்டிருந்தது. இந்த வழுக்கலில் இந்த வண்டி முதல் வளைவையே தாண்டாது. என்ன செய்வதென்று தெரியாமல் வாலின் மூடியைக் கழற்றினாள். எரிபொருள் தொட்டிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். அங்கே இருக்கக்கூடாத ஒன்று கையில் தட்டியது.

ஈயக்கட்டி. யாரோ மீன்பிடி ஈயத்தை உருக்கி, மெம்பிரிய்யோ பழ அல்வா டப்பாவில் ஊற்றி வார்த்திருக்கிறார்கள். டேப் சுற்றி, கம்பி போட்டு இறுக்கியிருந்தது. கட்டியவன் கை அவளுக்குத் தெரியும்; கம்பியை ஒழுங்காக முறுக்கத் தெரியாத கை அந்தப் பந்தயக் கிளப்பிலேயே ஒன்றுதான், தம்பியுடையது.

அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. பிரௌலியோ மாதிரி ஆட்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டு, அக்காவுக்குத் தெரியாமல் வாலில் பாரம் ஏற்றியிருக்கிறான். அச்சுக்குப் பின்னால் இத்தனை பாரம் தொங்கினால் எந்த வண்டிதான் சுழலாது? ஒரு சீசன் முழுக்க அவள் டயரோடு மாரடித்துக்கொண்டிருக்க, இவன் வாயைத் திறக்கவில்லை.

கம்பியை வெட்டிக் கட்டியை எடுத்துக் கருவிப் பெட்டிக்குள் போட்டாள். அவனிடம் சொல்லவில்லை. ஜெயித்துவிட்டு வரட்டும், அப்புறம் வைத்துக்கொள்கிறேன் என்றிருந்தாள். காரும் ஓட்டுபவனும் சேர்ந்து குறைந்தபட்ச எடைக்குக் கீழே போகக்கூடாது என்பது விதி; அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. சீசன் தொடக்கத்தில் குண்டனோடு சேர்த்து எடை மேடையில் ஏற்றியபோது வரம்புக்கு மேலேயே இருந்தது. அதன் பிறகு காரில் அவள் எதையும் குறைக்கவில்லை.

கடைசி வரிசையிலிருந்து கிளம்பினான். முதல் வளைவில் நில்தா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அவன் இரண்டு பேரைத் தாண்டியிருந்தான். வால் அளவாக வெளியே போனது, அங்கேயே நின்றது, வண்டி பாய்ந்தது. அவள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு "போடா, போடா" என்று கத்தினாள். கடைசிச் சுற்றில் முன்னால் போனவனை வெளிப்பக்கமாகவே வளைத்துத் தாண்டிக் கொடியை வாங்கினான். அவளுக்கு அழுகை வந்தது. பிரௌலியோவையே கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

முதல் மூன்று கார்களும் நேரே எடை மேடைக்குத்தான் போக வேண்டும். ஓட்டியவன் இறங்கக்கூடாது, யாரும் தொடக்கூடாது. ஒரேஸ்தேயின் கார் ஏறியது. அதிகாரி ஹக்கோபோ எண்ணைப் பார்த்தார், தட்டிவிட்டு மறுபடி பார்த்தார்.

"நில்தா, பதினோரு கிலோ குறையுதே."

"மேடை கெட்டுப்போச்சு. இன்னொரு வண்டிய ஏத்திப் பாருங்க."

ஏற்றினார்கள். மேடை சரியாகத்தான் இருந்தது. ஹக்கோபோவுக்கு அவர்களைச் சின்ன வயதிலிருந்து தெரியும். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஓடும்போது எதுவும் கழண்டு விழுந்திருந்தா எடுத்துட்டு வா. விழுந்ததச் சேத்துப் போடலாம்னு விதி இருக்கு. நான் காத்திருக்கேன்."

காரில் எதுவும் குறையவில்லை. அப்படியென்றால்? அவள் குனிந்து, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டிருந்த தம்பியைப் பார்த்தாள். குண்டன் குண்டன் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு யாருமே அவனைப் பார்க்காமல் விட்டிருந்தார்கள், அவள் உட்பட. கன்னம் ஒட்டிக் கிடந்தது. 'பாஸ்தாவ விட்டுட்டேன், அதான்' என்று முன்பு அவன் சொன்னபோது நம்பிவிட்டாள்.

"அந்த ஈயம் பிடிமானத்துக்கு இல்லையா?"

"எடுத்துட்டியா?" அவன் முகம் வெளுத்துப்போனது. "எங்க அது? கொண்டா. கழண்டு விழுந்துச்சுன்னு சொல்லு."

"எத்தன மாசமாடா?"

"ஜூன்லேர்ந்து. சீசன் தொடங்கறதுக்கு முன்னாடியே ஈயத்தக் கட்டிட்டேன்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"போகல. போனா அம்மாவுக்குச் சொன்ன வியாதிப் பேரத்தான் எனக்கும் சொல்லுவாரு. ஓட விடமாட்டாங்க." அவள் கையைப் பிடித்தான். "அக்கா, ஒண்ணே ஒண்ணு ஜெயிச்சிருக்கேன். உன் கால்ல விழறேன். அந்த ஈயத்த எடுத்துட்டு வா."

கருவிப் பெட்டி பத்தடி தூரத்தில்தான் இருந்தது. எடுத்து வந்தால் கோப்பை அவனுக்கு. நாளைக்கும் பாஸ்தா கதையைச் சொல்லுவான், அவளும் கேட்டுக்கொள்ளுவாள். எடுத்து வரத்தான் கால் துடித்தது.

"ஒண்ணும் கழண்டு விழல," என்று ஹக்கோபோவிடம் சொன்னாள். "வண்டி சரியா இருக்கு. என் தம்பிதான் குறைஞ்சுபோயிருக்கான்."

"பாவி," என்றான் ஒரேஸ்தே. "நீயெல்லாம் அக்காவா?"

ஒலிபெருக்கியில் இரண்டாவதாக வந்தவன் பெயரைச் சொன்னார்கள். அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டது. நில்தா மேடைமேல் ஏறி அவன் இருக்கை வார்களைக் கழற்றினாள்.

"இறங்கு. பஹியா பிளாங்கா பெரியாஸ்பத்திரிக்கு இப்பவே போறோம்."

"முடியலக்கா," என்றான். கோபம் போய்ப் பயம் மட்டும் மிஞ்சிய குரல். "கால்ல தெம்பு இல்ல."

எப்போதும் அவனை காரின் கம்பிக் கூட்டுக்குள்ளிருந்து வெளியே இழுக்க இரண்டு ஆண்கள் வேண்டும். பிரௌலியோ ஓடி வந்தான். அவன் வருவதற்குள் நில்தா தம்பியின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். ஒற்றை ஆளாகவே தூக்க முடிந்தது.