மூத்த குட்டி

எழிலரசிக்கு வாய் சும்மா இருக்காது. கடல் உயிரினங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள் அதை ஆய்வகத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதானே? படப்பையில் அக்கா வீட்டில் மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே, கரை ஒதுங்கிச் செத்துப்போன டால்பின் குட்டியின் கதையை எடுத்துவிட்டாள். அதன் கொழுப்பில் அவ்வளவு ரசாயனம் இருந்ததாம்.

"அது இன்னா எங்க கம்பெனிலயா வேல செஞ்சுது?" என்று அக்கா ஜோதி சிரித்தாள். மடியில் அவளுடைய தலைச்சன் பாப்பா பால் குடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா கிட்டேர்ந்து வந்ததுக்கா. கம்பெனி கழிவு, வயல் மருந்து எல்லாம் கடல்லதான போய்ச் சேருது? சின்ன மீன், பெரிய மீன், அதத் தின்ற டால்பின், திமிங்கலம்னு ஏறிக்கினே போவும். தாயோட கொழுப்புல வருஷக்கணக்கா சேர்ந்தது பால்ல எறங்கிடும். மூத்த குட்டிக்குதான் ஜாஸ்தி. அடுத்ததுக்குக் கம்மி."

ஜோதியின் சிரிப்பு நின்றுபோனதை எழிலரசி கவனிக்கவில்லை. இன்னொரு துண்டு மீன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து ஜோதியின் கணவன் தாண்டவராயன் போன் செய்தான்.

"எழிலு, இன்னாம்மா சொல்லிட்டுப் போன? உங்கக்கா பாப்பாவுக்குப் பால் குடுக்க மாட்டேன்றா. பவுடர் பால் கரைச்சுக் குடுத்தா அது துப்பிடுது. வூட்ல ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அழுவுறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல."

எழிலரசி தாம்பரத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து ஓடிவந்தாள். தண்ணீர் குடிக்க ஃப்ரிட்ஜைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே மூடி போட்ட எவர்சில்வர் டம்ளர். அதன் கழுத்தில் சிவப்பு அட்டை ஒன்று கட்டித் தொங்கியது.

ஒரகடத்தில் ஜோதி வேலை பார்ப்பது உலோகப் பாகங்களை ரசாயனத் தொட்டிகளில் முக்கி முலாம் பூசுகிற கம்பெனி. அங்கே சந்தேகம் வந்த பாகத்துக்குச் சிவப்பு அட்டை கட்டித் தனியாக வைத்துவிடுவார்கள். யாரும் தொடக் கூடாது. கட்டியவரே அவிழ்க்கவும் கூடாது. வேறொருவர் சோதித்துச் சரி என்று சொல்லித்தான் எடுக்க வேண்டும். பிரசவ லீவில் இருந்தாலும் பழக்கம் விடுமா? மார் கட்டி வலி தாங்காமல் பீய்ச்சிய பாலைக் கொட்டவும் மனசு வரவில்லை, கொடுக்கவும் துணிவு வரவில்லை. வேலைப் பையில் கிடந்த அட்டையை எடுத்துக் கட்டிவிட்டாள். தாண்டவராயனும் கம்பெனி ஆள்தானே, பக்கத்திலிருந்த தயிர்க் கிண்ணத்தை மரியாதையாகக் கீழ்த்தட்டுக்கு மாற்றியிருந்தான்.

எழிலரசிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது.

"பைத்தியமாக்கா உனக்கு?"

"இத்தினி வருஷமா அந்தத் தொட்டிங்க பக்கத்துலயே நின்னுகினு கீறேன்டி. எனக்குள்ள இன்னா சேர்ந்து கீதோ! அத எம்புள்ளைக்கு ஊத்தச் சொல்றியா?"

டால்பினின் கொழுப்பு தெரிந்த அளவுக்கு எழிலரசிக்கு அக்காவின் உடம்பு தெரியாது. அதனால் தாயையும் பிள்ளையையும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா வேலையைப் பற்றியெல்லாம் துருவித் துருவிக் கேட்டார். பாப்பாவைச் சோதித்தார். பாலை நிறுத்துவதுதான் குழந்தைக்குக் கெடுதல், தைரியமாகக் கொடு, லீவு முடிந்து போகும்போது தொட்டிப் பக்கம் வேண்டாமென்று வேறு செக்‌ஷன் கேட்டு வாங்கு என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தும் ஜோதி பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு சும்மாவே உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டர் சொல்லிட்டாங்க, சரி. மூத்ததுக்குதான் ஜாஸ்தின்னு நீதான சொன்ன?"

எழிலரசி அவளை ஒட்டி உட்கார்ந்தாள்.

"நம்ம அம்மா வயலுக்கு மருந்தடிச்சிக்கினேதான நம்மள வளத்துச்சு? மூத்தது நீதான? ஒனக்கு இன்னா கொறைஞ்சு போச்சு? கல்லாட்டம் கீற."

ஆய்வகத்தில் இப்படிப் பேசினால் வெளியே துரத்திவிடுவார்கள். ஆனால் சொல்லி முடித்ததும் அவளுக்கே உறைத்தது. அம்மா போன பிறகு, பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு ஜோதி ஒரகடம் பஸ் ஏறினாள். அவள் அந்தத் தொட்டிகள் பக்கத்தில் நின்றதால்தான் தங்கை காலேஜ் வாசலை மிதித்தாள். எது வந்தாலும் முதலில் அக்காவுக்குத்தான் வந்தது. அவள் வாங்கிக்கொண்டது போக மிச்சம்தான் தங்கைக்கு.

ஜோதி என்னவோ யோசித்தாள்.

"அப்போ ஒனக்குக் கம்மியாதான் வந்திருக்கும், இல்ல?"

"ஆமாக்கா."

"அப்பாடா!" என்றாள் ஜோதி. இரண்டு நாளாக இறுகிக் கிடந்த முகம் அப்போதுதான் இளகியது. "போ, போயி அந்த அட்டையக் கழட்டு. நான் கட்டுனத நான் கழட்டக் கூடாது."

எழிலரசி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நின்று முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே, பின்னால் பாப்பா மொடக் மொடக்கென்று குடிக்கிற சத்தம் கேட்டது.