சாலையோரப் பலகையில் என் மாமியார்

பழைய தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, சாலையோரம் புதிதாக ஒரு பலகை நட்டிருந்தார்கள். காய்கறி வாங்கித் திரும்பும்போது நானும் மாமியாரும் நின்று படித்தோம். கப்பலேறி வந்த தளபதிகள், காய்ச்சலில் போன துரைமார்கள் என்று நீண்டு, கடைசியில் இப்படி முடிந்தது: "இங்கு இறுதியாக அடக்கமானவர்கள், மணிக்கூண்டுக் கடிகாரத்தைப் பராமரித்தவரும் அவர் மனைவியும்."

கடிகாரக்காரர் என் மாமனார். ஆயுள் முழுக்க அந்தக் கடிகாரத்தோடு மல்லுக்கட்டியதற்காக, துரைமார்களுக்கு நடுவே அவருக்கு இடம் கொடுத்தார்கள். மனைவியோ என் பக்கத்தில் வெங்காயப் பையோடு நின்றிருந்தார்.

"பாரேன், நான் போனதை யாருமே எங்கிட்ட சொல்லல" என்றார் அத்தை.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவரை இழுத்துக்கொண்டு நேராக, பலகை வைத்த தொல்பொருள் அலுவலகத்துக்குப் போனேன்.

"கல்லுல ரெண்டு பேர் இருந்துச்சும்மா" என்றார் அதிகாரி. "இவங்க இறந்த வருஷம் தேஞ்சு போச்சுன்னு நினைச்சுட்டோம்."

மாமனார் போனபோதே தன் பெயரையும் கீழே வெட்டச் சொன்னவர் அத்தைதான், பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. வருஷத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்.

"மத்த எழுத்தெல்லாம் பளிச்சுனு இருக்கு, அது மட்டும் தேயுமா சார்? உயிரோட இருக்கிறவங்களைப் புதைச்சிட்டீங்களே!"

மனிதர் நெளிந்தார். "நாளைக்கே அழிச்சிடறோம்மா."

ஜெயித்த தெம்பில் நான் எழுந்தேன். அத்தை எழவில்லை.

"அழிச்சிட்டா, பின்னால எனக்கு அங்க இடம் உண்டா தம்பி?"

"இல்லம்மா. இப்ப அது பாதுகாக்கப்பட்ட இடம். புதுசா யாரையும் அடக்கம் பண்ண முடியாது."

அத்தையின் முகம் வாடிப்போனது. வாராவாரம் கல்லறைக்குப் போய், வீட்டுக் கதையெல்லாம் ஒப்பித்துவிட்டு, "மிச்சத்தை வந்து சொல்றேன்" என்று திரும்புகிறவர் அவர். பலகையைப் பற்றியே கத்திக்கொண்டிருந்த எனக்கு இது உறைக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

அத்தை திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப அழிக்காதீங்க. நான் புதுசு இல்லையே. உங்க பலகைப்படி நான் ஏற்கெனவே உள்ளதான இருக்கேன்?"

"அது தப்பாச்சேம்மா!"

"இப்ப தப்புதான். கொஞ்சம் பொறுங்க, தானா சரியாயிடும்."

அதிகாரிக்குச் சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. உதவிக்கு என்னைப் பார்த்தார்.

"பலகை அப்படியே இருக்கட்டும் சார்" என்றேன், சண்டைக்கு வந்த நானே.

"சரி" என்றார் கடைசியில். "அரசாங்கம் எழுதினதை நான் ஏன் மாத்தணும்? அவங்க இடம் அவங்களுக்குத்தான்."

அத்தை கல்யாணப் பெண் மாதிரி பூரித்துப் போனார். படியிறங்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் கையை இறுக்கிப் பிடித்தேன்.

"இடம்தான் உறுதியாயிடுச்சே அத்தை" என்றேன். "மெதுவாப் போனாப் போதும்."