குறைமாதக்காரியின் காதுப் பரீட்சை

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, ஒட்டுக்கேட்டேன். 1964, ஜூன் மாதம். காவிரிப் பாலத்தில் ஊர்ந்த ஸ்ரீரங்கம் பஸ்ஸில், முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் சீறினாள்: "குறைமாசத்துல பொறந்தா குறை மூளைன்னு எவன் சொன்னது?" அவள் மடியில் ஒரு சிறுமி ஜன்னல் கம்பியை நக்கிக்கொண்டிருந்தாள். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். பெயர்கள் உட்பட மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் வரியாக இதை எழுதினேன்: 'பாவம், லூர்துராணி—' அடித்துவிட்டேன். பாவம் என்றால் என் மேலும் சீறுவாள்.

சரி, இப்படித் தொடங்குகிறேன். பாலக்கரை லூர்துராணிக்கு ஏழாம் மாதத்திலேயே அக்னஸ் பிறந்துவிட்டாள். பஞ்சில் சுற்றி, வெந்நீர்ப் புட்டிகளுக்கு நடுவே கிடத்திக் காப்பாற்றினார்கள். இப்போது ஏழு வயது. கூப்பிட்டால் திரும்பமாட்டாள், முகம் பார்க்கமாட்டாள், நான்கைந்து சொற்கள்தான் பேசுவாள்.* இரண்டு பள்ளிகள் கையை விரித்துவிட்டன. ஸ்ரீரங்கத்துப் பள்ளியும் மறுத்தால் மகளை அநாதை இல்லத்தில் விட்டுவிடுவதென்று கணவன் அடைக்கலராஜ் முடிவு கட்டியிருந்தான்.

(* இன்று இதற்கு ஆட்டிசம் என்று பெயர். குறைமாதக் குழந்தைகளிடம் சற்று அதிகம் காணப்படுகிறது என்கிறார்கள். லூர்துராணிக்கு அந்தச் சொல்லைக் கொடுக்க எனக்கு ஆசைதான். அவள் காலத்துப் பாலக்கரையில் அது கிடைக்காது.)

3

உங்கள் எதிர்பார்ப்பு எனக்குத் தெரியும். அக்னஸ் திடீரென்று பெருங்கணக்கு ஒன்றைப் போட்டு எல்லோரையும் வாயைப் பிளக்க வைக்க வேண்டும். அதெல்லாம் தரமாட்டேன். பள்ளிக்கூடம் போக ஒரு பிள்ளை எதற்காக அதிசயமாக இருக்க வேண்டும்?

4

அன்றெல்லாம் ஒன்றாம் வகுப்பில் சேர ஒரே பரீட்சைதான். வலக்கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடக்காதைத் தொட வேண்டும். லூர்துராணி மாதக்கணக்கில் வீட்டில் பழக்கினாள். எதிரே குனிந்து உட்கார்ந்து, மகளின் கையைப் பிடித்துத் தன் தலைக்கு மேலே கொண்டுபோய்த் தன் காதில் வைத்து, "இதான் காது, தொடு" என்பாள்.

ஸ்ரீரங்கத்துப் பள்ளியில், "பாப்பா, காதைத் தொடு" என்றார் தலைமையாசிரியை. அக்னஸ் அசையவில்லை. லூர்துராணி குனிந்து, "தொடும்மா" என்றாள். சிறுமியின் கை மெல்ல எழுந்து, அம்மாவின் தலையைத் தாண்டிப் போய், அம்மாவின் அந்தப் பக்கத்துக் காதைத் தொட்டது.

"தன் காது எதுன்னே தெரியலையேம்மா! இதுக்குப் படிப்பு ஏறாது. கூட்டிட்டுப் போங்க."

"ஏறியிருக்கு டீச்சர். நான் எப்படிச் சொல்லிக் கொடுத்தேனோ அப்படியே செஞ்சிருக்கா. தப்பாச் சொல்லிக் கொடுத்தவ நான். ஃபெயில் போடுறதுன்னா எனக்குப் போடுங்க."

இதை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை.

5

முடிவு அ: தலைமையாசிரியை மனம் இளகி— வேண்டாம், பொய்.

முடிவு ஆ: லூர்துராணி மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். (எழுதிப் பார்த்தேன். அவள் ஏறவில்லை.)

விறுவிறுவென்று ஒன்றாம் வகுப்புக்குள் போனாள். பிள்ளைகளுக்கு நடுவே, மகளை மடியில் வைத்துக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"எந்திரிங்கம்மா!" என்றார் பின்னாலேயே வந்த தலைமையாசிரியை.

"மாட்டேன். ஃபெயிலானவ ஒண்ணாங்கிளாஸ்லதானே உக்காரணும்?"

மணி அடித்தாயிற்று. அடைக்கலராஜைக் கூட்டிவர ஆள் போயிருக்கிறது. அவளை எழுப்புகிற வாக்கியம் எனக்கு எழுதத் தெரியும், எழுதமாட்டேன். எழுப்பியே தீர வேண்டும் என்றால், நீங்களே உள்ளே போய் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளுங்கள்.