உரக்கடையில் ஒரு சாட்சி

மூன்று வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அஞ்சம்மாள் காத்துவந்த காரியத்தை அவள் புருஷன் பூமாலை ஒரே காலையில் கெடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டு நின்றான். கெடுத்தது அவனுக்கே தெரியவில்லை என்பதுதான் கொடுமை.

பனமலை ஏரிக்குக் கீழே ஒரு ஏக்கர். இருபது வருஷம் கூலிக்கு நாற்று நட்ட அதே மண்ணில் ஒரு துண்டு, இப்போது அஞ்சம்மாள் பெயரில் பட்டாவோடு இருக்கிறது. அரசாங்கத்தின் இயற்கை விவசாயத் திட்டம் வந்தபோது பத்துப் பேர் குழுவாகச் சேர்ந்தார்கள். பசுந்தாள் விதை கொடுத்தார்கள், மண்புழு உரத்தொட்டி கட்டக் கைகொடுத்தார்கள், விழுப்புரத்துக்கு அழைத்துப்போய்ப் பயிற்சியோடு சாப்பாடும் போட்டார்கள். சான்றிதழ் மட்டும் சும்மா வராது. மூன்று வருஷத்துக்கு ஒரு கை யூரியாகூட நிலத்தில் விழக் கூடாது. விழுந்தால் மறுபடி முதல் வருஷத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சான்றிதழ் வந்தால் அவள் மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, எடுத்துக்கொள்ள திண்டிவனத்தில் ஒரு கடை தயாராக இருந்தது. அதைவிட, “நேத்து வரைக்கும் கூலிக்கு வந்தவ, இன்னிக்கு மண்ணுக்கு வைத்தியம் பாக்குறாளாம்” என்று சிரித்த வாய்களை மூட வேண்டும். அஞ்சம்மாளுக்கு அதுதான் பெரிசு.

இன்று கடைசி ஆய்வு. அதிகாரி கலைப்பிரியாவும் குழுத் தலைவர் பாண்டுரங்கனும் வந்தார்கள். பாண்டுரங்கன் பக்கத்து நிலத்துக்காரர். விருந்தாளிகள் வருகிறார்களே என்று பூமாலை களத்தைப் பெருக்கி, புதிதாகப் பறித்த மல்லாட்டையில் ஒரு கூடை எடுத்துக் காயப் போட்டிருந்தான். அடியில் விரித்திருந்தது ஒன்பது யூரியா சாக்குகளைப் பிரித்துத் தைத்த படுதா. எங்கள் பக்கத்தில் யூரியா சாக்குக்குச் சாவே கிடையாது. மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ளும் கொங்காணியாகும், குளிக்கிற இடத்துக்கு மறைப்பாகும், கடைசியில் படுதாவாகும்.

கலைப்பிரியாவின் பேனா நின்றுவிட்டது. “இது எப்ப வாங்கின சாக்குங்க?”

“பழசு மேடம். நல்லா தொவச்சி, உங்களுக்காகத்தான் விரிச்சேன்,” என்றான் பூமாலை பெருமையாக.

பாண்டுரங்கன் தலையில் அடித்துக்கொண்டார். “அட பாவி! உரச் சாக்கு நெலத்துப் பக்கமே வரக் கூடாதுன்னு எத்தினி கூட்டத்துல சொன்னாங்க?”

“உரத்தைத்தான வேணாம்னாங்க. சாக்கு இன்னா பண்ணுச்சு?”

“இதுல காஞ்ச காயைத் தனியா வெச்சிடுங்க, சான்றுல சேராது. அது சின்ன விஷயம்,” என்றாள் கலைப்பிரியா. “ஆனா சாக்கு பழசுன்னு நான் எப்படி நம்புறது? தேதியெல்லாம் அழிஞ்சிருக்கு. சந்தேகம்னு எழுதினா திரும்ப முதல் வருஷம்தான்க்கா.”

அஞ்சம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் இரண்டடி பின்னால் போனான். அழுகிற ஜாதி இல்லை அவள். யோசித்தாள்.

“மேடம், ரேகை வெக்காம யாருன்னா யூரியா வாங்க முடியுமா? கோதண்டபாணி உரக்கடையில மிஷின் இருக்குது. என் ஆதாரைப் போட்டுப் பாருங்க.”

கலைப்பிரியாவின் முகம் தெளிந்தது. “பாக்கலாம். எந்தக் கடையில வாங்கியிருந்தாலும் காட்டிடும். ஆனா உங்க வீட்டுக்காரர் நம்பரையும் போடணும்.”

“வேற ஆளு மூலமா வாங்கலைன்னு நான் எழுதித் தரேன். தெனம் அந்த வரப்புலதான் நடக்குறேன்,” என்றார் பாண்டுரங்கன்.

கடைக்கு நடக்கும்போது அஞ்சம்மாளுக்கோ புருஷன் மேலேயே சந்தேகம் வந்தது. போன வருஷம் நெல் பழுப்படித்தபோது, “ஒரே ஒரு மூட்டை, யாருக்குத் தெரியப் போவுது?” என்று பூமாலை ஒரு வாரம் நச்சரித்தான். பத்தே நாளில் பயிர் பச்சை கட்டியது. தன் சாணக் கரைசல்தான் வேலை செய்தது என்று அன்றைக்கு அவள் ஊரெல்லாம் சொன்னாள். இப்போது பார்த்தால் பூமாலை தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறான்.

உரக்கடை கோதண்டபாணிக்கு மூன்று வருஷமாக அவளைக் கண்டாலே எரிச்சல். வாசலில் நாலைந்து பேர் யூரியாவுக்கு நின்றிருந்தார்கள். அவள் நம்பரைத் தட்டினார். ஒன்றும் இல்லை. பூமாலையின் நம்பரைத் தட்டினார். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அஞ்சம்மாள் எட்டி எட்டிப் பார்த்தாள்.

“நாலு வருஷம் முன்னாடி வாங்குன மூட்டைதான் கடைசி,” என்று கோதண்டபாணி மிஷினைத் திருப்பிக் காட்டினார். “அதுக்கப்புறம் இந்தக் குடும்பம் எனக்கு ஒரு பிடி யாவாரம் குடுத்ததில்ல மேடம். எங்க வந்து வேணும்னாலும் சொல்றேன்!”

புகாராகத்தான் சொன்னார். அதைவிட நல்ல சாட்சி அவளுக்கு எங்கே கிடைக்கும்? கலைப்பிரியா அங்கேயே அடுக்கியிருந்த மூட்டைகள் மேல் தாளை வைத்து, சான்று வழங்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கீழே பாண்டுரங்கனும் போட்டார்.

“அப்புறம் ஏன்யா தலைய குனிஞ்சுக்கினு வந்த?” என்று அஞ்சம்மாள் புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

“போன வருஷம் இங்க வந்தேன். மிஷினுகிட்ட விரலைக்கூட நீட்டிட்டேன்,” என்றான் அவன் மெதுவாக. “ஊரே சிரிச்சப்ப நீ மட்டும் நம்பிக்கினு இருந்த. மனசு வரல. திரும்பிட்டேன்.”

“அட, மிஷின் ரிப்பேருன்னு ஓடுனான்னுல்ல நெனச்சேன்!” என்றார் கோதண்டபாணி.

அஞ்சம்மாளுக்குக் கண் நிறைந்தது. அப்படியே சிரிப்பும் வந்தது. சந்தேகப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது, அதற்கு மேல் கொள்ளாத பெருமையாக இருந்தது. கடை வாசலிலேயே அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊர் பார்த்தால் பார்க்கட்டும்.

வரிசையில் முதலில் நின்றவன் ரேகை வைக்க நீட்டிய விரலை மடக்கிக்கொண்டு கேட்டான். “யக்கா, உங்க குழுவுல புதுசா ஆள் சேக்குறீங்களா?”

“சேக்குறோமே! ஞாயித்துக்கெழம கூட்டம், எல்லாருமே வாங்க!” என்றாள் அஞ்சம்மாள், தெருமுனை வரை கேட்கிற குரலில்.

கோதண்டபாணி கையெடுத்துக் கும்பிட்டார். “தாயே, சான்று வாங்கிட்ட இல்ல? ஜல்தியா கடைய வுட்டுக் கெளம்பு!”